மூச்சு வாங்குகிறதா? சாப்பாட்டையும் கொஞ்சம் பாருங்கள்!



பள்ளிக்கூட விடுமுறை வந்துவிட்டால் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி, "இந்த முறை எங்கே ட்ரிப்?" என்பதுதான். மாத்தளைப் பக்கம் போகிறவர்கள் பெரும்பாலும் சீகிரியாவைப் பார்க்காமல் திரும்புவதில்லை. தம்புள்ளையைத் தாண்டி, இனாமலுவைச் சந்தியில் வண்டி திரும்பிக் கொஞ்ச தூரம் ஓடியதும், காட்டுக்கு நடுவே யாரோ தூக்கி நிறுத்தி வைத்தது போல அந்தப் பாறை தெரியும். சுற்றியுள்ள நிலத்திலிருந்து சுமார் 180 மீட்டர் உயரம். ஏறிப் போக ஏறத்தாழ 1200 படிகள். 5-ஆம் நூற்றாண்டின் இறுதியில் காசியப்ப மன்னன் உச்சியில் மாளிகை கட்டி வாழ்ந்த இடம். 1982-இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைச் சின்னமாக ஏற்றுக்கொண்டது.

ஆனால் இந்த மாதம் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது காசியப்பனின் கதையல்ல. பாதி மலையில், சிங்கத்தின் இரண்டு பெரிய பாதங்களுக்கு முன்னால் ஒரு திறந்த முற்றம் இருக்கிறதல்லவா? அங்கே உட்கார்ந்துவிடும் நம் பெண்களைப் பற்றித்தான்.

விடுமுறை நாளில் போனால் நீங்களும் பார்க்கலாம். பிள்ளைகளின் தண்ணீர்ப் போத்தல், செருப்பு, பை எல்லாவற்றையும் மடியில் வைத்துக்கொண்டு, "நீங்க போய்ட்டு வாங்க மகள், உம்மாவுக்கு மூச்சு வாங்குது" என்று சொல்லி அமர்ந்துவிடுவார்கள். வயது முப்பத்தைந்து, நாற்பதுதான் இருக்கும். அவர்களைத் தாண்டி அறுபது வயது ஆண் ஒருவர் மேலே ஏறிக்கொண்டிருப்பார்.

என் மதினியும் அப்படித்தான் அங்கே உட்கார்ந்தார். வீட்டுக்கு வந்ததும் எல்லோரும் ஆளுக்கொரு காரணம் சொன்னோம். ஒருவர் உடம்பு பருத்துவிட்டது என்றார்; இன்னொருவர் பழக்கமில்லை என்றார். கொரோனாக் காலத்தில் வாங்கி வைத்த, விரலில் மாட்டும் சிறு கருவியை எடுத்து மாட்டிப் பார்த்தார்கள். 98 என்று காட்டியது. "மூச்சில் ஒரு குறையும் இல்லை, சும்மா சோம்பல்" என்று பேச்சு முடிந்துவிட்டது. இரண்டு மாதம் கழித்து வேறு ஏதோ காரணத்துக்காக இரத்தம் சோதித்தபோதுதான் தெரிந்தது: ஹீமோகுளோபின் 8.2.

நுரையீரல் நன்றாக இருக்கிறது, கருவியும் 98 காட்டுகிறது. பிறகு ஏன் மூச்சு வாங்கியது? இதற்கு விடை தெரிய வேண்டுமானால், மூச்சு எங்கே போகிறது, சோறு எங்கே போகிறது, இரண்டும் எங்கே சந்திக்கின்றன என்று தெரிய வேண்டும். வாருங்கள், படியேறிக்கொண்டே பார்ப்போம்.

காற்று இறங்கும் வழி

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். சீகிரியாவில் காற்று மெலிந்து போவதில்லை. உச்சியே கடல் மட்டத்திலிருந்து 350 மீட்டர் அளவுதான். அங்கிருக்கும் காற்றிலும் நூற்றுக்கு 21 பங்கு பிராணவாயு உண்டு.

சும்மா இருக்கும்போது நாம் ஒரு மூச்சில் அரை லீட்டர் காற்றை உள்ளே இழுக்கிறோம். நிமிடத்துக்கு 12 முதல் 16 தடவை என்றால் ஆறு முதல் எட்டு லீட்டர். படியேறும்போது அதுவே பல மடங்காகும். காற்று மூச்சுக்குழாயில் இறங்கி, கிளை கிளையாகப் பிரிந்து, கடைசியில் மிகச் சிறிய காற்றறைகளில் போய் நிற்கிறது. திராட்சைக் குலையில் பழங்கள் போல அவை கொத்துக் கொத்தாக இருக்கும். இரண்டு நுரையீரலிலும் சேர்த்து 30 கோடி முதல் 50 கோடி வரை. அவற்றை எல்லாம் விரித்துப் பரப்பினால் சுமார் 70 சதுர மீட்டர் வரும். நமக்குப் புரியும் கணக்கில் 750 சதுர அடி, ஒரு சிறு வீட்டின் தரை! அத்தனையையும் இந்த மார்புக்கூட்டுக்குள் மடித்து வைத்திருக்கிறான் இறைவன்.

ஒவ்வோர் அறையையும் சுற்றி மயிரிழையிலும் மெல்லிய இரத்தக் குழாய்கள் வலைபோலப் பின்னியிருக்கின்றன. காற்றுக்கும் இரத்தத்துக்கும் இடையே உள்ள சுவர் ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு கூட இல்லை. பிராணவாயு அதிகம் உள்ள பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்கு, அதாவது காற்றிலிருந்து இரத்தத்துக்குக் கசிந்து செல்கிறது. கரியமில வாயு இரத்தத்திலிருந்து காற்றுக்கு வருகிறது. யாரும் தள்ளுவதில்லை. அடுக்களையில் தாளித்தால் மணம் முன்வாசல் வரை போகிறதே, அந்த விதிதான். ஓர் இரத்த அணு அந்தச் சுவரைத் தாண்டிப் போக எடுக்கும் நேரம் முக்கால் வினாடி. அதில் மூன்றில் ஒரு பங்கு நேரத்திலேயே அது தன் சுமையை ஏற்றிக்கொண்டு விடுகிறது!

இரத்தம் நுரையீரல் வழியாகத்தான் காற்றைச் சந்திக்கிறது என்பதை முதன்முதலில் எழுதி வைத்தவர் யார் தெரியுமா? திமிஷ்க்கில் பிறந்து கெய்ரோவில் மருத்துவராக விளங்கிய இப்னு நஃபீஸ். அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னிருந்து, இதயத்தின் நடுச்சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு, இரத்தம் அதன் வழியே வலமிருந்து இடம் போகிறது என்று கிரேக்க மருத்துவர் காலென் சொன்னதையே எல்லோரும் நம்பி வந்தார்கள். 1242-இல், இப்னு சீனாவின் உடற்கூற்றுப் பகுதிக்கு எழுதிய விளக்கவுரையில், அங்கே துளையே இல்லை என்றும், இரத்தம் நுரையீரலுக்குப் போய்க் காற்றோடு கலந்துதான் இதயத்தின் இடப்பக்கம் திரும்புகிறது என்றும் அவர் எழுதினார். அப்போது அவருக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை. உலகம் அதை மறந்து கிடந்தது. 1924-இல் எகிப்திய மருத்துவர் ஒருவர் பெர்லின் நூலகத்தில் அந்தக் கையெழுத்துப் பிரதியைக் கண்டெடுத்த பிறகே அவர் பெருமை மீண்டும் வெளியே வந்தது.

சோறு இறங்கும் வழி

இப்போது அடுத்த வழி. காலையில் வீட்டில் கட்டிக்கொண்டு வந்த சோற்றைத் தம்புள்ளையில் நிறுத்திச் சாப்பிட்டீர்கள். அது இரைப்பையில் கூழாகி, சிறுகச் சிறுகச் சிறுகுடலுக்கு இறங்குகிறது. அங்கே பித்தநீரும் கணையநீரும் சேர்ந்து அதை இன்னும் சிறு துணுக்குகளாக வெட்டுகின்றன. சோறு சர்க்கரையாகிறது, மீனும் பருப்பும் அமினோ அமிலங்களாகின்றன, தேங்காய்ப் பாலின் கொழுப்பும் நுண்ணிய துளிகளாகிக் கரைகிறது.

சிறுகுடலின் நீளம் சுமார் ஆறு மீட்டர். அதன் உட்புறம் வழுவழுப்பான குழாய் அல்ல. துருக்கித் துவாலை போல மயிர் மயிராக இருக்கும். இவற்றுக்குக் குடலுறிஞ்சிகள் என்று பெயர். ஒவ்வொன்றின் மேலும் இன்னும் நுண்ணிய மயிர்கள். பழைய பாடப்புத்தகங்களில் இதை விரித்தால் ஒரு டென்னிஸ் மைதானம் வரும் என்று படித்திருப்பீர்கள். 2014-இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் திரும்ப அளந்து, அது சுமார் 30 சதுர மீட்டர்தான், அரை பேட்மின்டன் மைதானம் அளவு என்று திருத்தினார்கள். அதுவும் சிறியதல்ல, 320 சதுர அடி கொண்ட பெரிய ஹால்.

நுரையீரலில் நடந்ததே இங்கும் நடக்கிறது. பரந்த இடம், மெல்லிய சுவர், அதற்கு அடுத்த பக்கம் ஓடும் இரத்தம். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. காற்றறை, வருகிற காற்றைத் தடையில்லாமல் விட்டுவிடும். குடலோ வாசலில் நிற்கும் காவல்காரன் போல ஒவ்வொன்றையும் பார்த்து, அதற்கென்று உள்ள கதவைத் திறக்கும். சர்க்கரையும் அமினோ அமிலமும் நேரே ஈரலுக்குப் போகும் இரத்தத்தில் சேரும். கொழுப்பு நிணநீர் வழியாகச் சுற்றிப் போய் இரத்தத்தை அடையும். இரும்புச் சத்து பெரும்பாலும் குடலின் தொடக்கத்திலேயே, இரைப்பையை ஒட்டிய சிறு பகுதியில் உள்ளே போக வேண்டும். அந்த இடத்தைத் தாண்டிவிட்டால் பெரும்பகுதி வெளியேதான்.

இரண்டும் சந்திக்கும் இடம்

படியேறும் உங்கள் கெண்டைக்காலில் இந்த இரண்டு வழிகளும் சந்திக்கின்றன. குடல் கொடுத்த சர்க்கரையும் நுரையீரல் கொடுத்த பிராணவாயுவும் அந்தத் தசையில் சேர்ந்து எரிந்தால்தான் கால் மேலே எழும். 60 கிலோ எடையுள்ளவர் சீகிரியா உச்சிக்குத் தன் உடலைத் தூக்கிக்கொண்டு போக ஏறத்தாழ 100 கலோரி போதும். அரைக் கோப்பைச் சோறு! எரிந்த சாம்பல் கரியமில வாயுவாகி, வந்த வழியே மூச்சில் வெளியேறும். காலையில் உண்ட சோறு மாலைக்குள் மூச்சாகிப் போய்விடுகிறது என்றால் நம்ப முடிகிறதா?

உணவையும் நீரையும் மூச்சையும் ஒன்றாகச் சேர்த்து, வயிற்றில் அவற்றுக்குப் பங்கு வைக்கச் சொன்ன நபிமொழி (திர்மிதி) உங்களுக்கு நினைவிருக்கும். அளவோடு உண்ணச் சொல்வதற்காகக் கேட்ட மொழி அது. உடலின் உள்ளே பார்த்தாலும் இவை ஒன்றையொன்று விட்டுப் பிரிவதில்லை.

சோறு இருக்கிறது, காற்று இருக்கிறது. காற்றைச் சுமந்து வருவது யார்? ஹீமோகுளோபின். ஒவ்வொரு ஹீமோகுளோபினிலும் நான்கு இரும்பு அணுக்கள் இருக்கின்றன. ஓர் இரும்பணு ஒரு பிராணவாயு மூலக்கூறைப் பிடித்துக்கொள்ளும். இரும்பு இல்லாவிட்டால் ஹீமோகுளோபின் இல்லை.

தம்புள்ளை மரக்கறிச் சந்தையை நினைத்துக்கொள்ளுங்கள். மூட்டைகள் குவிந்து கிடக்கின்றன, வாசலும் திறந்திருக்கிறது. லொறிகள் மட்டும் குறைவு. வந்த லொறி ஒவ்வொன்றும் நிரம்பித்தான் போகிறது. ஆனால் ஊருக்குப் போய்ச் சேரும் மரக்கறி போதவில்லை. விரலில் மாட்டும் கருவி, லொறிகள் நூற்றுக்கு எத்தனை பங்கு நிரம்பியிருக்கின்றன என்று மட்டும்தான் பார்க்கும். மொத்தம் எத்தனை லொறி என்று எண்ணாது. அதனால்தான் என் மதினிக்கு 98 காட்டியது!

ஒரு கிராம் ஹீமோகுளோபின் ஏறத்தாழ 1.34 மில்லிலீட்டர் பிராணவாயுவைச் சுமக்கும். நூறு மில்லி இரத்தத்தில் 12 கிராம் இருந்தால் 16 மில்லிலீட்டர். 8 கிராம் இருந்தால் 11-க்கும் குறைவு. மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. இருக்கிற லொறிகளே அதிக தடவை ஓட வேண்டும். இதயம் படபடவென்று அடிக்கிறது, மூச்சு இரைக்கிறது. சமதரையில் இது தெரியாது. படியில் தெரிந்துவிடும்.

ஏன் பெண்களுக்கு?

பெண்ணுக்கு 12-க்குக் கீழே, கர்ப்ப காலத்தில் 11-க்குக் கீழே (நடு மூன்று மாதங்களில் 10.5) ஹீமோகுளோபின் இறங்கினால் இரத்த சோகை என்கிறது உலக சுகாதார நிறுவனம். 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் உலகெங்கும் பத்துப் பேரில் மூவருக்கு இது இருக்கிறது.

காரணம் எளிது. ஒரு மில்லிலீட்டர் இரத்தம் போனால் ஏறத்தாழ அரை மில்லிகிராம் இரும்பு போகிறது. ஒவ்வொரு மாதமும் அதை நாம் இழக்கிறோம். ஒரு கர்ப்பத்துக்கு மட்டும் மொத்தம் 1000 மில்லிகிராம் அளவு இரும்பு வேண்டும். ஆனால் குடல் ஒரு நாளில் உள்ளே விடுவது ஒன்றிரண்டு மில்லிகிராம்தான். செலவு கூடி வரவு குறைந்தால் வீட்டுக் கணக்கு என்னாகும் என்று உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. அதோடு எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, சட்டியில் மிஞ்சிய ஆணத்தை ஊற்றிச் சாப்பிடுகிறவரும் அதே பெண்தானே! இறைச்சித் துண்டு யாருக்குப் போகிறது, யாருக்கு வெறும் ஆணம் மிஞ்சுகிறது என்று ஒரு வாரம் கவனித்துப் பாருங்கள்.

பிளேன்டீ செய்யும் வேலை

சாப்பிட்டுக் கை கழுவியதும் ஒரு பிளேன்டீ. இது நம் வீடுகளில் ஏதோ காலம் காலமாக வந்த வழக்கம் போல் ஆகிவிட்டது. உண்மையில் இலங்கையில் தேயிலை வியாபாரப் பயிரானது 1867-இல், ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரைத் தோட்டத்தில் பயிரிட்ட பிறகுதான். அதற்கு முந்திய நம் பாட்டிமார் சோற்றுக்கு மேல் தேநீர் குடித்தவர்கள் அல்லர்.

தேநீரில் உள்ள துவர்ப்புச் சத்து, பருப்பு, கீரை, தானியம் ஆகியவற்றில் இருக்கும் இரும்பைப் பிடித்துக்கொண்டு குடலுக்குள் போக விடாது. சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் அந்த இரும்பில் உறிஞ்சப்படும் அளவு பாதிக்கும் மேல் குறைந்துவிடுகிறது. பால் சேர்த்துக் குடித்தாலும் தப்பிக்க முடியாது; பாலில் உள்ள சுண்ணாம்புச் சத்தும் இரும்புக்கு இடைஞ்சல்தான். கோப்பியும் அப்படியே.

தேநீரை விடச் சொல்லவில்லை, சகோதரிகளே! தள்ளி வைக்கத்தான் சொல்கிறேன். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ, ஒன்றிரண்டு மணி நேரம் பின்போ குடியுங்கள். நோன்பு மாதத்தில் இஃப்தார் கஞ்சியோடும் சாப்பாட்டோடும் குடிக்கும் தேநீரைத் தராவீஹ் தொழுகைக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுக்களையில் செய்யக்கூடியவை

மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சி, மீன், நெத்தலி ஆகியவற்றின் இரும்பைக் குடல் எளிதாக ஏற்கும். கௌபி, கடலை, பருப்பு, கீரை ஆகியவற்றின் இரும்பு தயங்கித் தயங்கித்தான் போகும். ஆனால் அதற்குத் துணை அனுப்பலாம். புளிப்புப் பழங்களில் உள்ள விட்டமின் சி அந்த இரும்பை உள்ளே தள்ளிவிடும். கீரைச் சுண்டலை அடுப்பிலிருந்து இறக்கிய பின் தேசிக்காய் பிழியுங்கள். கொதிக்கும்போது பிழிந்தால் சத்து வீணாகும். சாப்பாட்டுக்குப் பின் கொய்யாவோ தோடம்பழமோ நெல்லிக்காயோ உண்ணுங்கள். சம்பலில் போடும் மாசித்தூள்கூடப் பக்கத்தில் உள்ள பருப்பின் இரும்பு உள்ளே போக உதவுகிறது. பெரிய செலவில்லை, பாருங்கள்!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2022-இல் காஸ் தட்டுப்பாடு வந்தபோது பலர் மறுபடியும் விறகடுப்புக்குத் திரும்பினோம். விறகும் கரியும் சரியாக எரியாதபோது வரும் கார்பன் மோனாக்சைடு வாயு, பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். ஏற்கெனவே குறைவாக உள்ள லொறிகளில் அது ஏறி உட்கார்ந்துவிட்டால் என்ன மிஞ்சும்? ஜன்னலைத் திறந்து வையுங்கள். பூட்டிய அறையில் கரிச்சட்டி வைத்துத் தூங்கவே கூடாது.

குளிசை விழுங்கும் முன்

அடிக்கடி களைப்பு, கண்ணிமையின் உட்புறம் வெளுத்திருப்பது, தலைச்சுற்றல், பச்சரிசியை மென்றுகொண்டே இருக்கும் ஆசை, மாடிப்படியில் இரைப்பு இவையெல்லாம் இரத்த சோகையின் அடையாளங்களாக இருக்கலாம். இரத்தப் பரிசோதனை ஒன்று செய்துகொள்ளுங்கள். மாதவிடாய் அதிகமாகப் போகிறது என்றால் வெட்கப்பட்டு மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். பல வீடுகளில் நோயின் வேர் அங்கேதான் இருக்கிறது.

தாமாகவே இரும்புக் குளிசை வாங்கி விழுங்க வேண்டாம். தலசீமியாக் கூறு உள்ளவர்களுக்கும் ஹீமோகுளோபின் குறைவாக இருக்கும். ஆனால் அவர்களுக்கு இரும்பு குறைந்திருக்க வேண்டும் என்பதில்லை. கூடுதல் இரும்பை வெளியேற்ற உடலில் வழியில்லாததால் அது கேடாகவும் முடியலாம். இலங்கையில் இந்நோய்க்கென்றே குருநாகலில் தேசிய நிலையம் ஒன்று இருக்கிறது. பெற்றோர் இருவருக்கும் இந்தக் கூறு இருந்தால் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு நோய் வர வாய்ப்புண்டு. எனவே நிக்காஹ் பேசும் முன்பே சோதித்துக்கொள்வது நல்லது.

டாக்டர் குளிசை கொடுத்தால் தேநீரோடும் பாலோடும் சேர்த்து விழுங்காதீர்கள். மலம் கறுத்தால் பயப்பட வேண்டாம். உடம்பு தேறியதும் நிறுத்திவிடாமல், சேமிப்பு நிரம்ப அவர் சொன்ன காலம்வரை தொடருங்கள். குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். சிறு பிள்ளைகள் அள்ளி விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. மார்பு வலி, படுத்தால் மூச்சுத் திணறல், கால் வீக்கம், இழுப்பு ஆகியவை இருந்தால் இரத்த சோகை என்று நீங்களாக முடிவு செய்யாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

என் மதினிக்குச் சிகிச்சை தொடங்கி நான்கு மாதத்தில் ஹீமோகுளோபின் 12-ஐத் தாண்டியது. அவர் இன்னும் சீகிரியா உச்சியைப் பார்க்கவில்லை. ஆனால் மாடியில் துணி காயப்போட்டு வரும்போது இப்போது நடுவில் நிற்பதில்லை. "சோம்பல் என்று நீங்கள் எல்லோரும் சொன்னீர்களே!" என்று அவர் கேட்டபோது எங்களிடம் பதில் இல்லை.

உங்கள் வீட்டிலும் படியில் நின்று மூச்சு வாங்குகிறவர் ஒருவர் இருக்கலாம். அது நீங்களாகவும் இருக்கலாம். அவரைப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். இன்றிரவு சாப்பாட்டில் ஓர் இறைச்சித் துண்டை முதலில் அவர் தட்டில் வையுங்கள். அடுத்த மாதம் வேறொரு விஷயத்தோடு சந்திப்போம், இன்ஷா அல்லாஹ்.